மோட்டார் சைக்கிளின் பல்சக்கரமும் சங்கிலியும்



தோட்டத்தில் விடியற்காலையில் நம்மை எழுப்பிய ஓசைகள் ஒரு காலத்தில் இரண்டுதான். ஒன்று சேவல், மற்றொன்று பெரட்டு மணி. பிறகு மூன்றாவதாக மோட்டார் சைக்கிளின் ஓசையும் சேர்ந்துகொண்டது. 1970-களிலும் 1980-களிலும் ஹோண்டா சி70 என்ற சின்னஞ்சிறு வண்டி எத்தனை குடும்பங்களைச் சுமந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை, கைப்பிடியில் மார்க்கெட்டுப் பை. அந்த வண்டியின் சங்கிலியை நம்மில் பலர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. காரணம், அது மேலும் கீழும் மூடிய தகரப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மணல் போகாது, சேறு போகாது, சேலையும் போகாது.

இன்று நம் பிள்ளைகள் விரும்பி வாங்குவது வேறு மாதிரியான வண்டி. 150 சிசி, ஐந்து அல்லது ஆறு கியர், பாய்ந்து போகும் தோற்றம். யமஹா ஒய்15இசட்ஆர், ஹோண்டா ஆர்எஸ்150 போன்ற வண்டிகள் தோட்டத்திலும் உண்டு, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன வீடுகளிலும் உண்டு. சற்றுக் கூடுதலாகச் சம்பாதிக்கும் பையன் 250 சிசி ஸ்போர்ட் வண்டியே வாங்கிவிடுகிறான். இவற்றில் சங்கிலி வெளியே தெரியும்படி ஓடுகிறது. மேலே சிறிய உறை ஒன்று மட்டுமே இருக்கும். வண்டி வாங்கி மூன்று மாதம் ஆவதற்குள் பையனுக்கு ஓர் ஆசை பிறக்கும். பல்சக்கரத்தை மாற்ற வேண்டும் என்பதே அந்த ஆசை. பட்டறைகளில் இதை ஸ்ப்ராக்கெட் என்று சொல்கிறார்கள்.

சில காலத்திற்கு முன் தோட்டத்து இளைஞர் ஒருவர் இது பற்றி நம்மிடம் கேட்டார். “அண்ணே, முன்னாடி ஒரு பல்லைக் குறைச்சா வண்டி பறக்கும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. சின்ன சக்கரம் ஒண்ணுதானே, மலிவாத்தானே கிடைக்குது?” என்றார். சின்னச் சக்கரம் என்பதும் மலிவு என்பதும் உண்மைதான். பறக்குமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் சைக்கிளை நினைத்துக்கொள்வோம். மிதிக்கும் இடத்தில் ஒரு பல்சக்கரம், பின் சக்கரத்தில் ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைக்கும் சங்கிலி. மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். காலுக்குப் பதிலாக இஞ்சின் இருக்கிறது. கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டில் சிறிய பல்சக்கரமும், பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரமும் மாட்டியிருக்கின்றன. ஒய்15இசட்ஆர் வண்டியில் தயாரிப்பாளர் வைத்திருப்பது முன்னால் 14 பல், பின்னால் 42 பல். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது, முன் பல்சக்கரம் மூன்று முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த மூன்று என்ற எண்தான் இன்றைய பேச்சின் உயிர்.

முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 போட்டால் கணக்கு 3.23 ஆகிறது. பின் சக்கரம் ஒரு முறை சுற்ற இஞ்சின் முன்னைவிட அதிகமாகச் சுற்ற வேண்டும். கூடுதல் எவ்வளவு? நூற்றுக்கு ஏறக்குறைய 8. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றுவதாக வைத்துக்கொண்டால், இப்போது அதே 80-க்கு ஏறத்தாழ 6,460 முறை சுற்றும். இதற்கு ஈடாகக் கிடைப்பது இழுவை. நின்ற இடத்திலிருந்து வண்டி சட்டென்று கிளம்பும், மேட்டில் சோர்ந்துபோகாமல் ஏறும்.

முன்னால் 15 போட்டால் எல்லாம் நேர்மாறு. கணக்கு 2.8 ஆகிறது. அதே 80-க்கு 5,600 சுற்றுப் போதும். நெடுஞ்சாலையில் இஞ்சின் அமைதியாக ஓடும். ஆனால், மேட்டில் ஒரு கியர் இறக்காமல் ஏறாது. கிளம்பும்போது கிளட்சை நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் கிளட்சுத் தட்டுகளும் சீக்கிரம் தேயும்.

பின் சக்கரத்தைப் பெரிதாக்கினாலும் முன்னதைச் சிறிதாக்கிய பலன்தான் கிடைக்கும். ஆனால், அளவு வேறு. பின்னால் 42-க்குப் பதில் 45 போட்டால்தான் 3.21 வருகிறது. ஆகவே, முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். இதை அறியாமல் முன்னால் இரண்டு பல்லைக் குறைத்து, பின்னாலும் மூன்று பல்லைக் கூட்டி, வண்டி ஏன் 90-ஐத் தாண்டாமல் அலறுகிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்சக்கரம் இஞ்சினுக்குப் புதிய பலம் எதையும் கொடுப்பதில்லை. இஞ்சின் தருவதை இழுவைக்கும் வேகத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறையும். பெட்ரோல் செலவும் அந்தப் பங்கீட்டைப் பொறுத்தே மாறும். தயாரிப்பாளர் 14-க்கு 42 என்று வைத்தது நகரம், நெடுஞ்சாலை, மேடு எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்த வேண்டும் என்பதற்காக.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டோம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையைப் பலர் அறிவீர்கள். வளைவுக்கு மேல் வளைவு, ஒரே ஏற்றம். அந்தப் பாதையில் அன்றாடம் மனைவியையும் காய்கறி மூட்டையையும் ஏற்றிச் செல்பவருக்கு முன்னால் ஒரு பல் குறைவது உண்மையிலேயே உதவி. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் சுமையோடு மெதுவாக ஓட்டுபவருக்கும் அப்படியே. ஆனால், 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நாள்தோறும் தொழிற்சாலை வேலைக்குப் போய் வரும் பையனுக்கு 13 பல் பெட்ரோலைத் தின்னும் காதைக் கிழிக்கும் சங்கடமாகத்தான் முடியும். நம் வண்டி எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூட்டாளியின் வண்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வேக முள் பற்றியும் ஒரு வார்த்தை. சில வண்டிகளில் வேகத்தை முன் சக்கரத்திலிருந்து அளக்கிறார்கள். அவற்றில் பல்லை மாற்றினாலும் முள் பொய் சொல்லாது. வேறு சில வண்டிகளில் கியர் பெட்டிப் பக்கமிருந்து அளக்கிறார்கள். அவற்றில் 13 போட்டால் முள் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், 15 போட்டால் குறைவாகக் காட்டும். குறைவாகக் காட்டுவதுதான் ஆபத்து. 90 என்று நம்பிக்கொண்டு 96-இல் போய்க்கொண்டிருப்போம்.

இனி சங்கிலிக்கு வருவோம். நம் இளைஞர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல்லின் எண்ணிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

சங்கிலியின் பக்கத் தகட்டில் 420, 428, 520 என்று எண் பொறித்திருக்கும். முதல் எண் ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பது. 4 என்றால் எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் எட்டில் ஐந்து பங்கு அங்குலம். அடுத்த இரண்டு எண்கள் உள் அகலத்தைக் குறிப்பவை. சிறிய காப்சாய் வண்டிகளில் 420, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428, 250 சிசி ஸ்போர்ட் வண்டிகளில் 520 இருக்கும். 420-க்கும் 428-க்கும் இடைவெளி ஒன்றே என்பதால் மாற்றி மாட்டினாலும் ஓடுவது போலத் தோன்றும். ஏமாந்துவிட வேண்டாம். அகலமும் உருளையின் பருமனும் வேறு. பல்லில் சரியாக உட்காராமல் ஆடி ஆடி இரண்டையும் தின்றுவிடும். முன் சக்கரம், பின் சக்கரம், சங்கிலி மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

அடுத்தது நீளம். அரை அங்குலச் சங்கிலியில் ஒரு பல் கூடினால் பின் அச்சு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். ஒரு பல் குறைந்தால் அதே அளவு பின்னால் போக வேண்டும். முன்னால் 14-ஐ 13 ஆக்குவது எளிது. அச்சைச் சற்றுப் பின்னால் தள்ளினால் போதும், அதற்குரிய இடம் மீதமிருந்தால். சங்கிலி ஏற்கெனவே தேய்ந்து நீண்டு, அச்சும் கடைசிக் கோட்டில் நிற்கிறதென்றால் இடம் இருக்காது. பின்னால் மூன்று பல் கூட்டினால் அச்சு 9 அல்லது 10 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். அதற்கும் இடமில்லாமல் போகலாம். அப்போது நீளமான சங்கிலி தேவை. சங்கிலியில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் கண்ணிகளை இரண்டிரண்டாகத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அரைக் கண்ணி ஒன்றைச் செருகிச் சமாளிப்பதை நாம் விரும்பவில்லை. சுமை ஏற்றும் வண்டிக்கு அது நம்பத்தக்கதல்ல.

மேலே சொன்ன இளைஞரின் கதைக்கு வருவோம். அவர் நம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 13 பல்சக்கரம் ஒன்றை வாங்கி, நண்பர் ஒருவரின் உதவியோடு மாலையில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிட்டார். சங்கிலி பழையது, பின் சக்கரமும் பழையது. அச்சைப் பின்னால் தள்ள இடமில்லாததால் சங்கிலி தொங்கலாகவே இருந்தது. நான்காம் நாள் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது பள்ளம் ஒன்றில் வண்டி குலுங்கியது. சங்கிலி துள்ளிக் கழன்று முன் பல்சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் இடையே சிக்கியது. பின் சக்கரம் பூட்டியது போல் நின்றுவிட்டது. நல்லவேளை, வேகம் அதிகமில்லை. முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்ததோடு பையன் தப்பினார். இஞ்சின் கூட்டில் விரல் நுழையும் அளவு ஓட்டை. தவணையே கட்டி முடியாத வண்டி அது. தகப்பனார் அன்று மகனைத் திட்டவில்லை. “ஆளு வந்துட்டான், அது போதும்” என்றார். ஆனால், அந்த மாதத்துச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதை வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

தவறு 13 பல்லில் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பழைய சங்கிலியை அளந்து பார்க்காததே தவறு. அளப்பது பெரிய வித்தையும் அல்ல. பிள்ளைகளின் பள்ளி அடிக்கோல் போதும். 428 சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் ஊசியின் நடுவிலிருந்து எண்ணி, இருபதாவது இடைவெளி முடியும் ஊசியின் நடுவரை அளக்க வேண்டும். புதுச் சங்கிலியில் இது 254 மில்லிமீட்டர். 258, 259 என்று வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். வண்டிப் புத்தகத்தில் அதைவிடக் குறைந்த எல்லை போட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். அடிக்கோலும் இல்லையென்றால், பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் சங்கிலியை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் சங்கிலி போய்விட்டது. பற்கள் நேராக நிற்காமல் அரிவாள் மூக்கு போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் சக்கரமும் போய்விட்டது.

தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலியை மாட்டுவது புது வேட்டியை முள்வேலியில் காயப்போடுவது போலத்தான். ஆகையால், மூன்றையும் சேர்த்தே வாங்குவது நல்லது. ஒரே தடவையில் கூடுதலாகச் செலவாகிறதே என்று தோன்றும். ஆறு மாதத்தில் மறுபடி வாங்குவதை நினைத்தால் அது செலவு அல்ல.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இணைப்புக் கண்ணியில் மீன் வடிவில் ஒரு சிறு கிளிப் வரும். அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கல்லோ குச்சியோ தட்டியதும் கிளிப் பறந்துவிடும். பின் சக்கரத்தின் இருபுறமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை ஏறுமாறாக இருந்தால் சக்கரம் கோணலாக நிற்கும், சங்கிலி பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அறுக்கும்.

தொய்வு எவ்வளவு விடுவது? இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே, சங்கிலியின் கீழ்ப் பக்கத்தில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். பல சாலை வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரு விரல் அகலம். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு புத்தகத்தில் இருக்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் கையில் ஒட்டியுள்ள தாளிலும் இருக்கலாம். சக்கரத்தைக் கையால் உருட்டி நான்கைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளவை வைக்க வேண்டும்.

தொய்வே இல்லாமல் விறைப்பாக வைத்தால் வண்டி துடிப்பாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. ஆள் ஏறி உட்காரும்போது பின் சக்கரம் மேலே எழுகிறது. அப்போது முன் பல்சக்கரம், தாங்கும் கையின் மூட்டு, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டுக்கு நெருங்கி வருகின்றன. அந்த நிலையில்தான் சங்கிலி மிக அதிகமாக இழுபடும். வெறும் வண்டியில் விறைப்பாக இருந்த சங்கிலி, இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் வீணைத் தந்தி போல் ஆகிவிடும். கியர் பெட்டித் தண்டின் பேரிங்கும் சக்கரத்துப் பேரிங்கும் அந்த இழுப்பைத் தாங்கித் தாங்கியே கெடும், சில வேளை சங்கிலியே அறுந்துவிடும். நம் குடும்பங்களில் வண்டி பெரும்பாலும் ஓராளோடு போவதில்லை. ஆகவே, அளவை வைத்து முடித்ததும் வழக்கமாக ஏறும் இருவரையும் உட்கார வைத்து, சங்கிலியில் இன்னும் சற்றுத் தொய்வு இருக்கிறதா என்று மூன்றாமவர் பார்ப்பது நல்ல பழக்கம்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். பின் பல்சக்கரம் பெரிதானதும் சங்கிலி மேலுறையில் உரசும். உரசுகிறதே என்று உறையைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுகிறார்கள். உறையில்லாத வண்டி ஒயிலாக இருக்கிறதாம். பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி ஓடுவது இடப்பக்கம். சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்காரும்போது காலைத் தொங்கவிடுவதும் அநேகமாக இடப்பக்கமே. முந்தானையோ துப்பட்டாவோ அந்தப் பற்களில் ஒரு நூல் சிக்கினாலும், உதறி எடுக்க நேரம் இருக்காது. உடுத்தியிருப்பவரைச் சேர்த்தே இழுத்துவிடும். மகன் வண்டியில் உறை இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். கோவிலுக்கு நேரமாகிறது என்று அவன் அவசரப்படுத்தினாலும் ஏறாதீர்கள். உரசாதபடி உறையைச் சற்று உயர்த்தி மாட்டப் பட்டறையில் வழி செய்வார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் நம் லயங்களிலும் தாமான்களிலும் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, தானாகச் சுற்றும் சங்கிலியில் துணியை வைத்துத் துடைப்பார்கள். வேலை சுலபமாகிறது என்பது உண்மை. துணியின் ஓரம் பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையே போனால், துணியைப் பிடித்த விரலும் கூடவே போகும். கண் இமைக்கும் நேரம் கூட ஆகாது. விரல் போன பிறகு பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது? இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித்தான் துடைக்க வேண்டும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். சுற்றும் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

துடைக்க மண்ணெண்ணெயும் மெல்லிய தூரிகையும் போதும். பெட்ரோல் வேண்டாம். இக்காலச் சங்கிலிகள் பலவற்றில் கண்ணிகளுக்கு இடையே சிறு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. பெட்ரோல் அவற்றைக் கெடுத்துவிடும். உலர்ந்ததும் சங்கிலிக்கென விற்கும் எண்ணெயோ 90 எண் கியர் எண்ணெயோ இட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றும் வழக்கம் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது. எண்ணெய் அதிகமானாலும் தீமைதான். செம்மண் சாலையின் மணலெல்லாம் ஒட்டிக்கொண்டு அரம் போல் ராவும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் போதும். மழையில் சேற்றில் போய் வந்த நாளில் கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், அன்றே கழுவி எண்ணெய் இடலாம்.

பல்சக்கரம் மாற்றிய வண்டியில் முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் தொய்வை மறுபடி பார்க்க வேண்டும். புதுச் சங்கிலி முதலில் சற்று இளகிக் கொடுக்கும். முன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் பின் அச்சின் நட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். கழற்றிய 14 பல்சக்கரம் தேயாமல் நன்றாக இருந்தால் எறிந்துவிடாமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். கேமரன் மலையில் வேலை பார்த்த பையனுக்கு நாளை சமவெளியில் வேலை கிடைக்கலாம். அடுத்த முறை புதுச் சங்கிலி போடும்போது அது பயன்படும்.